ரெண்டு தண்ணி: ஒரு பண்ணைக்குட்டையின் வரவு செலவு

ஒரு ஹெக்டேர் மானாவாரிப் பயிர் கருகினால் அரசு நிவாரணம் 8,500 ரூபாய். பாசன வசதியுள்ள நிலத்தில் அதே ஒரு ஹெக்டேர் கருகினால் 17,000 ரூபாய். 2022-ல் நடப்புக்கு வந்த பேரிடர் நிவாரண விகிதம் இது. 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர்தான் என்று நிபந்தனைகளும் உண்டு. அதற்கு முன்பு, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவித்தபோது, நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய் என்று கொடுத்தார்கள்.

கருகிய பயிருக்கே இரண்டு விலை. பாசன நிலத்தில் போட்ட முதல் அதிகம், வீடு வந்து சேர இருந்த விளைச்சலும் அதிகம் என்பது அதன் பொருள். அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் எத்தனை லிட்டர், அதைச் சேர்க்க எத்தனை ரூபாய், சேர்த்தால் வீட்டில் யார் தட்டில் என்ன கூடுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு. உலகத்தில் பயிரிடும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பாசன நிலம், உணவில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலிருந்துதான் வருகிறது என்று உணவு வேளாண்மை அமைப்பு சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த எண்ணில் பெரிய அணையும் சேர்ந்திருக்கிறது, ஆழ்துளைக் கிணறும் சேர்ந்திருக்கிறது. ஒரு குட்டைக்காரருக்கு அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. எனவே ஒரே ஒரு குட்டை.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே என் சித்தப்பாவுக்கு ரெண்டேகால் ஏக்கர் கரிசல் காடு. தமிழ்நாட்டின் சராசரியைவிடக் கொஞ்சம் அதிகம்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 79.38 லட்சம் கைப்பற்று நிலங்கள், ஒன்றின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது 1.85 ஏக்கர். அந்த ரெண்டேகாலின் தாழ்ந்த மூலையில்தான் குட்டை.

குழியின் அளவு

குட்டை வெட்டும்போது வந்த விவரத்தாளில் 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், கொள்ளளவு 1,800 கன மீட்டர் என்று இருந்தது. ஆவணியில் குட்டை காய்ந்து கிடந்த நாளில் டேப்பின் ஒரு முனையைச் சித்தப்பா பிடிக்க, நான் உள்ளே இறங்கி அளந்தேன். மேலே 30, அடியில் 24. கரை செங்குத்தாக நிற்காதே, சரிவு வைத்துத்தானே வெட்டவேண்டும். அப்படிப் பார்த்தால் கொள்ளளவு 1,464 கன மீட்டர். காகிதத்தில் இருந்த 336 கன மீட்டர் தண்ணீர் எந்த மழைக்கும் வரப்போவதில்லை.

"எய்யா, அப்போ எத்தனை தண்ணி வரும்?" என்றார் சித்தப்பா.

அவருக்குக் கன மீட்டர் வேண்டாம். எங்கள் பக்கம் பயிருக்கு ஒருமுறை பாய்ச்சுவதை 'ஒரு தண்ணி' என்பார்கள். அதுதான் அவருடைய அளவை. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் நீர் நின்றால் 4,047 லிட்டர். ஒரு தண்ணிக்கு 50 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 2,02,350 லிட்டர், சுமார் 202 கன மீட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 17 நடை. நகரத்தில் 20 லிட்டர் கேன் வாங்குகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனசுக்குள் உருட்டிப் பார்க்கலாம்: ஒரு ஏக்கர் உளுந்துக்கு ஒரு தண்ணி என்றால் பத்தாயிரம் கேன்.

குட்டை நிறைய 1,464 இருந்தாலும் அத்தனையும் பயிருக்குப் போகாது. ஐப்பசி, கார்த்திகை வானிலையில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றும், கரிசல் மண்ணில் அடிவழியாக 7 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 60 நாளில் 66 சென்டிமீட்டர், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. கனத்தில் சொன்னால் சுமார் 555 கன மீட்டர். மிச்சம் 909. இரண்டு ஏக்கருக்கு இரண்டு தண்ணி பாய்ச்ச 809 வேண்டும். அதாவது ஒரு லட்சம் ரூபாய்க் குழி தருவது ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு தண்ணி, அதற்கு மேல் ஒரு சாண் சேறு கலந்த மிச்சம். செவல் மண்ணாக இருந்தால் இறங்குவது இன்னும் அதிகம், அந்த ரெண்டும்கூடச் சந்தேகம்.

ரெண்டே ரெண்டு தண்ணிதானா என்று கேட்கத் தோன்றும். பயிரின் பக்கம் இருந்து பார்க்கவேண்டும். உளுந்துக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரை தேவைப்படுவது ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது 440. மொத்தத்தைப் பார்த்தால் தேவைக்கு மேலேயே பெய்கிறது. கோளாறு மொத்தத்தில் இல்லை. நல்ல கரிசல், வேர் போகும் இரண்டடி ஆழத்துக்குள் பயிர் எடுக்கக்கூடிய நீராக 100 மில்லிமீட்டர் அளவுக்குப் பிடித்துவைக்கும். பயிர் ஒரு நாளைக்கு 4 குடிக்கிறது. பாதி தீர்ந்ததும் இலை வாட ஆரம்பிக்கும், அது 12 அல்லது 13 நாள். ஐப்பசியில் ஒரே வாரத்தில் 150 கொட்டிவிட்டு, பூவெடுக்கும் கார்த்திகையில் மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடந்தால், ஆண்டு மழைக் கணக்கில் 'இயல்பு' என்று எழுதுவார்கள். காட்டில் பூ உதிர்ந்து கிடக்கும். பாசனக்காரர்கள் விதைத்த மூன்றாம் நாள் விடுவதை உயிர்த்தண்ணீர் என்பார்கள். மானாவாரிக்காரரைக் கேட்டால் அந்தப் பெயரைப் பூவெடுக்கும் நாளில் விடும் தண்ணிக்குத்தான் கொடுப்பார்.

செலவுப் பக்கம்

இயந்திரத்தை வைத்து வெட்ட ஒரு கன மீட்டருக்கு 70 ரூபாய் என்று போட்டால் 1,464 கன மீட்டருக்கு 1,02,480 ரூபாய். இதே குழியை நூறு நாள் வேலையில் மண்வெட்டியும் கூடையுமாக வெட்டினால், ஆளுக்கு நாளைக்கு ஒரு கன மீட்டர் என்று வைத்து, 1,464 ஆள்நாள். 2024-25 கூலி விகிதம் 319 ரூபாய். மொத்தம் 4,67,016. நாலரை மடங்கு செலவு என்று ஒரு கட்சி சொல்லும். அந்த நாலரை லட்சமும் ஊரிலேயே சோறாகவும் பள்ளிக்கூட நோட்டாகவும் மாறியது என்று இன்னொரு கட்சி சொல்லும். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதக்கூடாது. ஒன்று தண்ணீர்ச் செலவு, மற்றது வேலைச் செலவு. இங்கே எனக்கு வேண்டியது முதல் கணக்கு.

குட்டை 15 வருடம் உழைக்கும், கடன் வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுத் தவணை சுமார் 12,700 ரூபாய். வட்டியை விட்டுவிட்டு லட்சத்தைப் பதினைந்தால் வகுத்து 6,800 என்று சொல்கிறவர்கள் உண்டு. வட்டி கட்டிப் பார்க்காதவர்களின் கணக்கு அது.

அடுத்து இறைப்பு. 5 குதிரைத்திறன் ஆயில் இஞ்சின் வாடகை, டீசல் சேர்த்து மணிக்கு 250 ரூபாய், மணிக்கு 35 கன மீட்டர் இறைக்கும் என்று வைத்தால், 809 கன மீட்டருக்கு 23 மணி நேரம், 5,750 ரூபாய். எல்லா வருடமும் ரெண்டு தண்ணியும் வேண்டியிருக்காது. மழை ஒழுங்காகப் பெய்த வருடம் ஒன்று போதும். அடியோடு பொய்த்த வருடம் இறைக்க ஒன்றும் இருக்காது. ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் ஒரு தண்ணி, இரண்டு வருடம் ரெண்டு தண்ணி, ஒரு வருடம் சுழி என்று வைத்தால் சராசரி ஆண்டுக்கு 3,450.

மூன்றாவது செலவைப் பலரும் எழுதுவதில்லை. குட்டை உட்கார்ந்திருக்கும் இடம். 900 சதுர மீட்டர் என்றால் 22 சென்ட். அதில் விளைந்திருக்கக்கூடிய உளுந்தின் மதிப்பில் சாகுபடிச் செலவுக்கென்று பாதியைக் கழித்தால் ஆண்டுக்கு 1,450 ரூபாய் வரை போகிறது. கரையில் முருங்கையும் அகத்தியும் வைத்துக் கொஞ்சம் மீட்கலாம். சித்தி அகத்தி வைத்தார். ஆடு மீட்டுக்கொண்டது.

ஆக ஆண்டுச் செலவு: 12,700 + 3,450 + 1,450 = 17,600 ரூபாய்.

வரவுப் பக்கம்

இந்த ஐந்து வருட விளைச்சல் வரிசை நான் வைத்துக்கொண்டது. உங்கள் காட்டுக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு உளுந்து, குவிண்டாலில்:

நல்ல வருடம்: குட்டை இல்லாமல் 3, குட்டையோடு 3.5.
இன்னொரு நல்ல வருடம்: 3, 3.5.
இடையில் காய்ந்த வருடம்: 2, 3.5.
மோசமான வருடம்: 1, 3.
மழையே இல்லாத வருடம்: 0, 0.

கூட்டினால் குட்டை இல்லாமல் 9, குட்டையோடு 13.5. வித்தியாசம் ஐந்து வருடத்துக்கு 4.5 குவிண்டால், ஆண்டுக்கு 0.9. இரண்டு ஏக்கருக்கு 1.8 குவிண்டால். 2024-25 குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400. அந்த விலைக்கே போனதாக வைத்தால் 13,320 ரூபாய்.

வரவு 13,320. செலவு 17,600. ஆண்டுக்கு 4,280 ரூபாய் நட்டம்.

நான் இந்த இடத்தில் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எண் மாறவில்லை. வியாபாரி 6,000-க்குக் கேட்டால் நட்டம் இன்னும் 2,520 கூடும். கடன் வாங்கி, உளுந்துக்காக, இந்த அளவில் குட்டை வெட்டினால் தண்ணீர் தன் செலவைத் தானே எடுக்காது.

குழிக்கான பணத்தை அரசு முழுக்கக் கொடுத்துவிட்டால் 12,700 அடிபட்டுப் போகும். செலவு 4,900, வரவு 13,320, மிச்சம் 8,420. ஆண்டு முழுக்கப் பரத்தினால் நாளைக்கு 23 ரூபாய். ஆகவே மானியம் என்பது இங்கே லாபத்தின் மேல் வைக்கும் ஊக்கத்தொகை அல்ல. லாபமே அதுதான். 'மானியம் கொடுத்துப் பழக்கிவிட்டோம்' என்று அலுத்துக்கொள்கிற அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் இந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம்.

கடைசி வரிசையில் நான் போட்ட இரண்டு சுழியைப் பற்றியும் சொல்லவேண்டும். குட்டை இருந்தால் வறட்சி தெரியாது என்று பேசுவார்கள். 2016 வடகிழக்குப் பருவத்தில் 440 பெய்யவேண்டிய இடத்தில் மாநிலச் சராசரி 168 மில்லிமீட்டர். அதுவும் சிறுசிறு தூறலாக. தூறல் மண்ணில் இறங்கும், ஓடாது. குட்டைக்கு நீர் வரும் 5 ஏக்கரில் விழுந்ததில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஓடி வந்தால் 170 கன மீட்டர், குட்டைமேல் நேராக விழுந்தது 151. மொத்தம் 321. அடியில் ஒன்றரை அடிச் சொச்சம் நிற்கும், ஏழு வாரத்தில் தானே காயும். மறுபுறம் 2023 டிசம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழை 5 ஏக்கரில் விழுந்தால் 19,000 கன மீட்டருக்கு மேல், 13 குட்டை நிறையும். இருப்பது ஒன்று. வானம் இரண்டு எல்லைக்குப் போகிற வருடங்களில் குட்டைக்கு வேலை இல்லை. நடுவில் தடுமாறுகிற வருடங்களில்தான் அது சம்பாதிக்கிறது. நல்ல வேளையாக அப்படிப்பட்ட வருடங்களே அதிகம்.

தட்டில் என்ன கூடுகிறது

பாசனம் வந்தால் பசி தீரும் என்று எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்தவேண்டும். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம், அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சித்தி வீட்டில் உலை கொதிக்கும். கம்பும் சோளமும் பொய்த்ததால் பட்டினி என்ற நிலையை ஒரு தலைமுறைக்கு முன்பே தாண்டிவிட்டோம். கம்பங்கூழையும் அதோடு சேர்த்துத் தாண்டிவிட்டோம், அது வேறு கதை.

சோற்றின் மேல் ஊற்றுவது எங்கிருந்து வரும் என்பதுதான் இப்போது கேள்வி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகை என்று பரிந்துரைக்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு 340 கிராம், ஆண்டுக்கு 124 கிலோ. ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 12 கிலோ. பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது குட்டையின் 1.8 குவிண்டாலைத் திரும்ப எடுங்கள். 180 கிலோ முழு உளுந்தை மில்லில் உடைத்துத் தோல் நீக்கினால் நூற்றுக்கு எழுபது தேறும் என்று வைத்தால் 126 கிலோ. நாலு பேருக்கு ஆண்டு முழுக்க வேண்டிய பருப்பு, ரெண்டு கிலோ கூடவே. நான் முடிவை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணை வளைக்கவில்லை. இப்படிப் பொருந்தி வந்தபோது எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஆனால் அந்த 126 கிலோ வீட்டுக்குள் வருவதில்லை. உளுந்து பிடுங்கி, களத்தில் அடித்து, மூட்டை கட்டும் அன்றே வியாபாரியின் டாடா ஏஸ் வாசலில் நிற்கும். விதைக்கு, உழவுக்கு, மருந்துக்கு வாங்கிய கடன் மார்கழி வரைதான் பொறுக்கும். சித்தி மட்டும் அரை மூட்டையை வேப்பிலை போட்டுத் தனியே கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார். "இது என் பங்கு, இதைக் கேக்காதீக" என்று சித்தப்பாவிடம் வருடா வருடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். 50 கிலோவோ 40 கிலோவோ, குட்டை வந்த பிறகுதான் அந்த மூட்டைக்கு இடம் வந்தது. அதற்கு முன்பு மொத்தமே ரெண்டு மூட்டை ஆகிற வருடத்தில் யார் பங்கைப் பிரிப்பது?

பால் பக்கம் சின்னதாக ஒரு வரி. கரை ஓரத்தில் 5 சென்ட் தீவனப் புல் வைத்தால் ஒரு தண்ணிக்கு 10 கன மீட்டர்தான். வாரம் ஒன்று, மூன்று மாதம் என்றாலும் 120. அது உளுந்தின் பங்கிலிருந்துதான் போகவேண்டும், ஆனால் ஒரு பசுமாட்டைக் கோடை தொடங்கும்வரை விற்காமல் வைத்திருக்க உதவும். மாட்டை விற்பது ஒரு நாள் வேலை. திரும்ப வாங்க மூன்று வருடம் ஆகும்.

மிளகாய்க்காரர் கணக்கு

பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அதே அளவுக் குட்டை. அவர் ரெண்டு ஏக்கருக்கும் பாய்ச்சுவதில்லை. அரை ஏக்கரில் மிளகாய் போட்டு மொத்தத் தண்ணீரையும் அதற்கே வைத்துக்கொள்கிறார். மார்கழி முதல் மாசி வரை பத்து நாளுக்கு ஒருமுறை 101 கன மீட்டர். இடையில் ஆவியாவதையும் இறங்குவதையும் கழித்தால் ஆறு தண்ணி வரும். வற்றல் ஒன்றரை குவிண்டால் ஆகிற இடத்தில் நாலு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 2.5. பழம் பறிக்கிற கூலி, மருந்து, உரம் என்று கூடுதல் செலவு 12,000.

குவிண்டால் 20,000-க்குப் போனால் 50,000 வரவு, கையில் 38,000. கிட்டத்தட்ட மூன்று வருடக் குட்டைத் தவணையைக் கட்டலாம். 10,000-க்கு இறங்கினால் கையில் 13,000, தவணை கட்டியதும் டீக்காசு. வற்றல் விலை இப்படி ஏறி இறங்குவது எங்கள் பக்கம் புதிதில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காப்பாற்றும், விலையைக் காப்பாற்றுமா என்பது வேறு.

தவணையைக் கட்டுகிற ஒரே பயிர் மிளகாய் போன்றதுதான் என்றால், கடனில் குட்டை வெட்டியவர் உளுந்தை விட்டு மிளகாய்க்குப் போவார். போகத்தான் வேண்டும். இதனால் வருமானம் கூடுகிறது, அதே சமயம் வீட்டுப் பருப்பு கடைப் பருப்பாகிறது. மழையைப் பார்த்துப் பயந்தவர் இப்போது சந்தையைப் பார்த்துப் பயப்படுகிறார். மானியத்தில் குட்டை வாங்கியவர் உளுந்தோடு நிற்க முடியும். குழிக்கு யார் பணம் கட்டினார் என்பதே தட்டில் என்ன விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிறு பாசனத்தால் ஊட்டச்சத்து கூடியதா குறைந்ததா என்று கேட்பவர்கள் முதலில் கடன் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

போர் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1990 முதல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசம், 20 லட்சத்துக்கு மேல் பம்புசெட் இணைப்பு. அந்தத் தாராளத்தின் மறுபக்கமாக, 2020 மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டவை. எங்கள் காட்டிலோ பிரச்சினை அதற்கும் முன்னால் நிற்கிறது. தோண்டினால் பல இடத்தில் உப்பு. உளுந்து அந்தத் தண்ணியைக் குடிக்காது. சொட்டு நீருக்குச் சிறு குறு உழவருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் கரிசல் குட்டைத் தண்ணீர் கலங்கலாகவே நிற்கும், வடிகட்டியைக் கழுவிக் கழுவியே பொழுது போய்விடும். தெளிந்த கிணற்றுக்குப் போட்ட கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

யார் மழை

இந்தக் குட்டையை நிரப்பும் மழை எங்கே விழுகிறது? 440 மில்லிமீட்டர் 5 ஏக்கரில் விழுந்தால் 8,903 கன மீட்டர். நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஓடி வந்தால் 1,335. குட்டைமேல் நேராக விழுவது 396. கூட்டினால் 1,731, குட்டை நிறைந்து கொஞ்சம் வழியும். அந்த ஐந்து ஏக்கரில் சித்தப்பாவுடையது இரண்டுதான். மூன்று ஏக்கர் மேட்டுக்காரர்களுடையது. அவர்கள் வரப்பை உயர்த்தி, கோடை உழவு ஆழமாக அடித்து, தங்கள் மழையைத் தங்கள் காட்டிலேயே இறக்கிக்கொண்டால் (வேளாண் துறை அதைத்தான் செய்யச் சொல்கிறது, அதுவும் சரியான யோசனைதான்) இங்கே வருவது 534-உம் 396-உம் சேர்ந்து 930. கழிவு போக ரெண்டு ஏக்கருக்கு ஒரு தண்ணிக்கு மேல் தேறாது. பட்டா சித்தப்பா பெயரில் இருக்கிறது. தண்ணீர் கிட்டத்தட்டப் பாதி மற்றவர் தயவு.

ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் சின்னதாக வெட்டலாமே என்றால், 15-க்கு 15, ஒன்றரை மீட்டர் ஆழம், சரிவு போக 274 கன மீட்டர்தான். சின்னக் குட்டைக்குக் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். ஒரு கன மீட்டருக்கு 0.82 சதுர மீட்டர் வெயிலில் காய்கிறது, பெரியதில் 0.61. ஏழை வீட்டுத் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும் என்பது கவிதையல்ல, வெறும் வகுத்தல். மாநிலத்தில் 78 சதவீதக் கைப்பற்றுகள் ஒரு ஹெக்டேருக்குக் கீழே என்பதை இந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டை என்பதுதான் பொருந்தும். நாலு பேர் சேர்வது மண் வெட்டுவதைவிடக் கடினம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேட்டில் 20 பேர் இதே அளவில் வெட்டினால் 29,280 கன மீட்டர் மேலேயே நிற்கும். பொதுப்பணித்துறை கணக்கில் ஒரு மில்லியன் கன அடிக்குக் கொஞ்சம் அதிகம், ஒரு சிறு கண்மாயின் கொள்ளளவு. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் பல சங்கிலியாக ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததுக்குப் போகிறவை. வடக்கே ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவ்வளவு பெரியதற்கு இருபது குட்டை ஒரு பொருட்டல்ல. எங்கள் ஊர்க் கண்மாய் நாரை ஒரே மூச்சில் தாண்டிவிடும். நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் ஊருணிக்குத் தண்ணி. இரண்டு வருடம் கலுங்கு பாயாதபோது ஊர்க்கூட்டத்தில் முதல் விரல் குட்டைக்காரர்களைப் பார்த்துத்தான் நீண்டது. மழை குறைவு என்று சித்தப்பா வாதாடினார். வரத்துக்காலில் கருவேலம் அடைத்துக் கிடந்ததையும் காட்டினார். இரண்டும் உண்மை. அவர் குட்டையும் உண்மை.

போன வருட தினசரிக் காலண்டரில் சித்தப்பா கிழிக்காமல் வைத்திருக்கும் தாள்களைப் பார்த்தேன். ஆணியில் குத்தி வைத்திருக்கிறார், பென்சில் எழுத்து.

'ஐப்பசி 1. விதைப்பு. ரெண்டு ஏக்கர்.'

'ஐப்பசி 24. குட்டை நிறஞ்சது. மேட்டுக்காரருக்கு ஒரு படி உளுந்து சொல்லியாச்சு.'

'கார்த்திகை 12. பூ. மொத தண்ணி. 12 மணி நேரம். ஓஸ் ரெண்டு இடத்துல கிழிசல், சைக்கிள் டியூப் கட்டுனது.'

'கார்த்திகை 29. ரெண்டாம் தண்ணி.'

'மார்கழி 3. குட்டைல ஒரு சாண். மாட்டுக்கு.'

'மார்கழி 16. உளுந்து புடுங்கு. ஆள் 9.'

'மார்கழி 18. வத்திருச்சு. வண்டல் அள்ளணும்.'